இருண்ட திரையும் அவசரத் தீர்ப்பும்

வீட்டிலே ஒரு பொருள் பழுதடைந்தால், "இஃது எவ்வாறு பழுதடைந்தது?" என்று வினவுவோர் சிலர், "இதனைப் பழுதாக்கியவர் யார்?" என்று வினவுவோரே பலர். முன்னைய வினாவுக்கு விடை காணப் பொறுமையும் நேரமும் வேண்டும். பின்னைய வினாவுக்கு விடை காண வீட்டில் ஒரு பிள்ளை இருந்தாற் போதும். இவ்வுண்மையைக் கடந்த நவராத்திரிக் காலத்தில், ஒரு கணினியின் இருண்ட திரைக்கு முன்னே நின்று நாம் கற்றுக்கொண்டோம். கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பது ஆசிரியத் தொழிலின் வழக்கமாகையால், எமக்கு நேர்ந்த சிறு அவமானத்தையும் மறையாது இங்கு எழுதத் துணிந்தோம்.

நாம் யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு கல்லூரியில் உயர்தர வகுப்பு மாணவர்க்குப் பௌதிகவியல் கற்பித்து வருகின்றோம். எம் இல்லத்தில் மேசைக் கணினி ஒன்று உண்டு. வினாத்தாள்கள் ஆயத்தஞ் செய்வதும், மாணவர் பெற்ற புள்ளிகளைப் பதிவதும், இல்லத்தரசியார் வெளிநாட்டிலுள்ள தம் சகோதரியுடன் முகம் பார்த்து உரையாடுவதும், மகன் படிப்பதும் விளையாடுவதும் அதிலேதான். ஒரு குடும்பத்துக்கு ஒரு கிணறு போல, எமக்கு அந்த ஒரு கணினி.

மகனுக்கு வயது பதினாறு. சித்திரை வருடப் பிறப்பிற் கிடைத்த கைவிசேடத்தையும் மாமன்மார் அவ்வப்போது கொடுத்த காசையும் உண்டியலிற் சேர்த்து வைத்து, கடைகளிற் 'கிராபிக்ஸ் கார்ட்' என்று வழங்கும் காட்சியட்டை ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி வந்தான். திரையிலே தோன்றும் உருவங்களை விரைந்து வரைந்து அனுப்புவது அவ்வட்டையின் தொழில். முப்பரிமாண உருவங்கள் வரையப் பழக வேண்டும் என்பது அவன் எமக்குச் சொன்ன காரணம். விளையாட்டுக்கள் தங்குதடையின்றி ஓடும் என்பது அவன் சொல்லாது விட்ட காரணம். இரண்டையும் உணர்ந்துகொண்டே நாம் அரை மனத்துடன் சம்மதித்தோம். அவன் தானே கணினியின் பெட்டியைத் திறந்து அதனைப் பொருத்தினான். பத்து நாட்கள் எக்குறையுமின்றி யாவும் நடந்தன.

சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் மகன் பாடசாலையில் வாணி விழாவுக்குச் சோடனை செய்யச் சென்றிருந்தான். வீட்டுப் புத்தகங்களைத் தூசு தட்டி அடுக்கிய நாம், கல்விக் கருவி என்ற வகையிற் கணினியையும் பூசைக்கு வைக்க எண்ணினோம். பின்புறத்து வயர்கள் அனைத்தையுங் கழற்றி, பெட்டியைத் துணியாற் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுப் பூசையறையில் வைத்தோம். விசயதசமியன்று பிற்பகல் அதனை மேசைக்குக் கொண்டு வந்து வயர்களை மீண்டும் பொருத்தியவரும் நாமே. ஒவ்வொரு வயரும் தனக்குரிய துவாரத்திலன்றிப் பிறிதொன்றிற் புகாது என்ற துணிவு எமக்கிருந்தது.

அன்று மாலை மூன்று வகுப்புகளின் புள்ளிகளைப் பதிந்து முடிக்க வேண்டும். மறுநாட் காலை அவற்றைக் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும். சுவிச்சைப் போட்டோம். பெட்டியின் விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுழலும் ஓசை கேட்டது. ஆனால் திரையோ, சமிக்ஞை எதுவும் வரவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரியைக் காட்டிவிட்டு அமாவாசை இரவு போல் இருண்டது. அணைத்துப் போட்டோம். மீண்டும் அதே வரி. மீண்டும் அதே இருள்.

மகனை அழைத்தோம். அவனுடைய தோழன் ஒருவன் குறிப்புக் கொப்பி வாங்குவதற்காக வந்து வாசலில் நின்றான். அதனை நாம் பொருட்படுத்தவில்லை.

"பார், உன்ரை கார்ட் செய்த வேலையைப் பார்!" என்றோம்.

"அப்பா, பூசைக்கு வைக்கிற வரைக்கும் நல்லா வேலை செய்ததுதானே?"

"பழைய சாமான் எப்ப பழுதாகுமெண்டு ஆருக்குத் தெரியும்? அது தன்னோடை கொம்பியூட்டரையும் கொண்டு போட்டுது. காசையும் பாழாக்கி, வீட்டிலை இருந்ததையும் பாழாக்கி..."

"பின்பக்கத்தை நான் ஒருக்காப் பாக்கட்டே அப்பா?"

"வேண்டாம். நீ பாத்தது காணும். இனி இதிலை கை வையாதை."

மகன் தலை குனிந்தான். வாசலில் நின்ற தோழன் கொப்பியையும் வாங்காமல் மெல்ல நழுவிச் சென்றான். பதினாறு வயதுப் பிள்ளையைப் பிறர் முன்னிலையிற் கடிதல் எத்துணைத் தீமை விளைக்கும் என்பதைக் கல்வி டிப்ளோமாப் பரீட்சையிலே பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியடைந்தவர் நாம். எழுதிய கை வேறு, பேசிய வாய் வேறு போலும்!

கணினி திருத்துவோர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். இரண்டு நாட்களின் பின்னரே வர இயலும் என்றார். எனவே நாமே துணிந்து, மின்வயரைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். குற்றவாளியை நாம் முன்னரே தீர்மானித்துவிட்டமையால் வேறெதனையும் பார்க்க எமக்குத் தோன்றவில்லை. காட்சியட்டையைப் பிடித்திருந்த ஆணியை அகற்றினோம். அட்டை மிக எளிதாக வெளியே வந்தது. எவ்வயரும் இடையே தடுக்கவில்லை. பெட்டியை மூடிச் சுவிச்சைப் போட்டோம். என்ன வியப்பு! திரையிற் பளிச்சென்று படம் தோன்றியது.

"பார்த்தாயா?" என்று மகனை நோக்கிக் கேட்டோம். இதனினும் வலிய நிரூபணம் வேறு யாது? அட்டை இருந்தது, படம் இல்லை. அட்டை போயிற்று, படம் வந்தது. மகன் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வட்டையைப் பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றித் தன் அலுமாரியின் அடித்தட்டில் வைத்தான். அன்றிரவு பசியில்லை என்று கூறிப் படுத்துவிட்டான். நாம் வெற்றிக் களிப்புடன் நள்ளிரவு வரை இருந்து புள்ளிகளைப் பதிந்து முடித்தோம்.

மறுநாள் மாலை, விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருந்த எம் தந்தையார் எம்மை அழைத்தார்.

"என்ன தம்பி, கொம்பியூட்டர் சரிவந்திட்டுதோ?"

"ஓம் ஐயா. அவன் போட்ட கார்ட்தான் பிழை. கழட்டினவுடனை வந்திட்டுது."

"திருப்பிப் போட்டுப் பாத்தனியோ?"

"இல்லை ஐயா. அது பழுதுதானே?"

"திருப்பிப் போட்டுப் பாக்காமல் பழுதெண்டு எப்பிடிச் சொல்லுறாய்?" சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு இன்னொரு கேள்வியும் கேட்டார்: "கடைசியாய் அதிலை கை வைச்சது ஆர்?"

அக்கேள்வி எம்மை எம் பள்ளிப் பருவத்துக்கு இழுத்துச் சென்றது. 1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது; பின்னர் பல ஆண்டுகள் அது வரவில்லை. பற்றரிகளைக் கொண்டு வருவதற்கும் தடை இருந்தது. ஜாம் போத்தலிற் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கொளியிலேதான் எம் தலைமுறையினர் படித்தனர். வானொலி கேட்பதற்கு மக்கள் கண்ட வழி சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் சிறு மின்சாரத்தை வயர் வழியே வானொலிக்குக் கொடுத்தாற் செய்தி கேட்கும். சுழற்றும் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும்.

1991ஆம் ஆண்டில் ஓரிரவு. எமக்கு அப்போது பதினொரு வயது. அயலவர் பலர் எம் முற்றத்திலே செய்தி கேட்கக் கூடியிருந்தனர். சுழற்றும் பணி எம்முடையது. செய்தி தொடங்கிச் சில நிமிடங்களில் வானொலி பட்டென்று அடங்கியது. "சின்னவன் வேகமாய்ச் சுத்தி றேடியோவை எரிச்சுப்போட்டான்" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் எம்மையே பார்த்தனர். நாம் அழும் நிலைக்கு வந்துவிட்டோம். ஏனெனில் அவ்வானொலி போனால் வேறொன்று வாங்க வழியில்லை என்பதை அச்சிறு வயதிலும் அறிந்திருந்தோம்.

ஐயா எம்மை ஏசவில்லை, வானொலியைத் திறக்கவுமில்லை. விளக்கைக் கொண்டு வரச் சொன்னார். முதலில் டைனமோவின் தலை டயரை ஒட்டி நிற்கின்றதா என்று பார்த்தார். பின் சைக்கிளின் முன்விளக்குக் குமிழைக் கழற்றி, டைனமோவின் வாயிலேயே அதனைத் தொடுத்து, எம்மைச் சுழற்றச் சொன்னார். குமிழ் எரிந்தது. "இது வரைக்கும் பிழையில்லை" என்றார். பின்பு அதே குமிழை வயரின் மறு நுனியில், வானொலிக்கு அருகிலே தொடுத்தார். சுழற்றினோம், எரியவில்லை. "அப்ப றேடியோவிலும் பிழையில்லை, சுத்தினவனிலும் பிழையில்லை. பிழை இந்த இரண்டுக்கும் நடுவிலை" என்று கூறி வயரை விரல்களுக்கிடையே நெருடிக்கொண்டு சென்றார். தூணில் அடித்திருந்த ஓர் ஆணியை அவ்வயர் சுற்றிச் சென்ற இடத்தில், மேலுறை நன்றாயிருக்க, உள்ளே கம்பி முறிந்து கிடந்தது. ஐயா நிமிர்ந்து, கூடியிருந்த அனைவருக்கும் கேட்கத்தக்கதாக, "பிழை என்ரை. ஆணியிலை இறுக்கிக் கட்டினது நான்தான்" என்றார்.

அவ்விரவை நாம் மறந்ததில்லை. பௌதிகவியல் எமக்குப் பிடித்த பாடமாயினமைக்கு அதுவே தொடக்கம் என்று மாணவர்க்குப் பெருமையுடன் சொல்வதுமுண்டு. ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்து, ஐயாவின் இடத்தில் நாம் நின்ற வேளையில், எமக்கு நினைவு வந்தது அவருடைய குமிழன்று. எம்மைக் குற்றஞ் சாட்டிய அயலவரின் வாய்தான்.

படம் தெரியாத கணினியின் முன்னே நாம் செய்திருக்க வேண்டியது யாது? மாணவருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் இதனைச் சற்று விரித்துக் கூறுவோம். இதன் அடிப்படை ஐயா காட்டிய வழிதான்: வெளியிலிருந்து உள்ளே செல்க, ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுக, ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் விளைவைப் பார்த்த பின்னரே அடுத்ததற்குச் செல்க.

முதலாவது, திரையும் கணினியும் வெவ்வேறு பொருள்கள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி மின்வயர்கள் உண்டு. திரையின் சிறு விளக்கும் எரியாதிருந்தால், அதற்கு மின்சாரமே வரவில்லை. பிளக்கையும் சுவிச்சையும் வயரின் மறு நுனியையும் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்து, சமிக்ஞை இல்லை என்ற வரியும் தோன்றினால், அத்திரை உயிருடன் உள்ளது. தனக்குச் செய்தி வரவில்லை என்று அதுவே சாட்சி கூறுகின்றது. எம் திரை அச்சாட்சியை இருமுறை கூறியது. நாம் செவிமடுக்கவில்லை.

இரண்டாவது, திரைகள் பலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்கள் உண்டு. பழைய வீ.ஜீ.ஏ. வாயில் நீல நிறமானது. மூன்று வரிசைகளிற் பதினைந்து துளைகளை உடையது. எச்.டி.எம்.ஐ. வாயில் தட்டையானது. வயர் ஒரு வாயிலில் இருக்க, திரை மற்றொன்றைப் பார்த்துக் காத்திருந்தாலும் இருள்தான். திரையின் ஓரத்திலுள்ள பொத்தானால் வாயிலைத் தெரிந்தெடுக்கலாம்.

மூன்றாவது, வயர். வீ.ஜீ.ஏ. வயராயின் அதன் மெல்லிய ஊசிகளில் ஒன்று வளைந்திருக்கலாம். எவ்வயராயினும் மேலே நன்றாயிருந்து உள்ளே முறிந்திருக்கலாம். வேறொரு வயரைப் பொருத்திப் பார்த்தலே ஐயாவின் குமிழ்ச் சோதனைக்கு ஒப்பாகும். வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாகக் கொண்டு சோதிக்கவும் இயலும்.

நான்காவது, அவ்வயர் கணினியின் பின்புறத்தில் எத்துவாரத்தில் உள்ளது என்பது. இதனைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

ஐந்தாவது, கணினி உள்ளே விழித்திருக்கின்றதா என்று அறிதல். விசைப்பலகையில் 'நம் லொக்' என்ற விசையை அழுத்தும்போது அதற்குரிய சிறு விளக்கு மாறி மாறி எரிந்து அணையுமாயின், பெரும்பாலும் கணினி இயங்குகின்றது. படம் மாத்திரமே வந்து சேரவில்லை. கணினி தொடங்கும்போது தன் உறுப்புக்களைத் தானே சோதித்துக்கொள்ளும். திரையில் எழுத இயலாத நிலையில் அது ஒலியாற் பேசுவதுண்டு. 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியிலேயே இவ்வழக்கம் இருந்தது. அதில் ஒரு குறுகிய ஒலி எழுந்தால் எல்லாம் நலம். நீண்ட ஒலி ஒன்றும் குறுகிய ஒலி இரண்டும் எழுந்தாற் காட்சிப் பகுதியிற் குறை. இவ்வொலிகளின் பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுமாதலால் அவரவர் கைந்நூலைப் பார்த்தே அறிய வேண்டும். இக்காலத்துத் தாய்ப்பலகைகள் சிலவற்றில் ஒலிக்குப் பதிலாகச் செயலி, நினைவகம், காட்சி, தொடக்கம் என்பவற்றுக்கு நான்கு சிறு விளக்குகள் உண்டு. எவ்விளக்கு அணையாமல் நிற்கின்றதோ, அங்கே தேட வேண்டும்.

ஆறாவதாகவே பெட்டியைத் திறக்க வேண்டும். திறக்குமுன் மின்வயரை முற்றாகக் கழற்றி, தொடக்கப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்னை வெளியேற்ற வேண்டும். உடலில் நிலைமின் தேங்கியிருக்கலாம் ஆகையாற் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ள வேண்டும். முதலிற் பார்க்க வேண்டியது 'றாம்' எனப்படும் நினைவகப் பட்டைகள். தூசியாலோ அசைவாலோ அவை தம் இருக்கையிலிருந்து சிறிது நழுவினாலும் விசிறி சுழலும், விளக்கு எரியும், படம் வராது. அவற்றைக் கழற்றி, பட்டையிலுள்ள வெட்டும் இருக்கையிலுள்ள மேடும் பொருந்துமாறு வைத்து, ஓரத்துப் பிடிகள் 'கிளிக்' என்று பூட்டும்வரை அழுத்த வேண்டும். இரு பட்டைகள் இருப்பின் ஒவ்வொன்றாக இட்டுச் சோதிக்க வேண்டும். அதன்பின் முதன்முறை தொடங்குகையிற் சில கணினிகள் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும், பதறி அணைத்துவிடலாகாது.

அதனாலும் பயனில்லையாயின் தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற சிறு பற்றரியைப் பார்க்கலாம். சீ.ஆர். 2032 என்ற பெயருடைய அது 3 வோல்ற்று அளவினது. மின்வயர் கழற்றப்பட்ட நிலையில் அதனைச் சில நிமிடங்கள் அகற்றி மீண்டும் வைத்தால், தவறிப்போன தொடக்க அமைப்புக்கள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். செயலிக்கெனத் தாய்ப்பலகையின் மேல் மூலைக்கு வரும் தனி மின்வயர், பெரிய காட்சியட்டைகளுக்கு வரும் தனி மின்வயர் ஆகியன இறுக்கமாக உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். ஆயின் மின்வழங்கும் பெட்டியை மட்டும் எவரும் திறக்கலாகாது. மின்வயரைக் கழற்றிய பின்னும் அதனுள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

உள்ளே தேடுவோர்க்கு எதிர்பாராத விருந்தினரும் அகப்படுவதுண்டு. 1947ஆம் ஆண்டு செப்ரெம்பர் 9ஆந் திகதி, அமெரிக்காவில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் 'மார்க் 2' என்னும் பெருங்கணினியிலே கோளாறு தேடியோர், ஒரு தொடுப்பானுக்குள் அந்துப் பூச்சி ஒன்று சிக்கியிருக்கக் கண்டனர். அதனைக் குறிப்பேட்டில் ஒட்டியும் வைத்தனர். அக்குறிப்பேடு இன்றும் அந்நாட்டு அரும்பொருட்சாலையிற் பேணப்படுகின்றது. எம் நாட்டிலே எறும்பும் பல்லியும் அப்பணியைச் செவ்வனே ஆற்றி வருகின்றன. அன்றைய ஆய்வாளர் அப்பூச்சியைக் கண்டது எவரையும் ஏசியதனாலன்று. உறுப்பு உறுப்பாகத் தேடியதனால்.

மாணவர்க்கு ஒரு சொல்: திரை இருண்டமையால் நீங்கள் எழுதி வைத்தவை அழிந்துவிட்டதாக அஞ்ச வேண்டாம். அவை சேமிப்புத் தட்டில் உள்ளன. காட்சிக் குறை அவற்றைத் தீண்டுவதில்லை. ஆயினும் அரியவற்றுக்கு வேறோர் இடத்திற் பிரதி வைத்திருப்பவன் அன்றிரவு நிம்மதியாக உறங்குவான்.

இனி எம் கதைக்கு மீள்வோம். ஐயா கேட்ட இரு கேள்விகளும் அன்றிரவு எம்மை உறங்க விடவில்லை. அட்டையைக் கழற்றியபோது நிகழ்ந்தவற்றை மனத்திலே ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தோம். ஆணியைக் கழற்றினோம், அட்டை எளிதாக வந்தது, எவ்வயரும் தடுக்கவில்லை. சட்டென்று எழுந்து உட்கார்ந்தோம். எவ்வயரும் தடுக்கவில்லையா? திரைக்குச் செல்லும் வயர் அந்த அட்டையிலல்லவா பொருத்தப்பட்டிருக்க வேண்டும்? அதனைக் கழற்றாமல் அட்டை எவ்வாறு வெளியே வந்தது?

சனிக்கிழமை காலை மகனை அழைத்தோம். "தம்பி, அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு வா. உன்ரை சிநேகிதனையும் ஒருக்கா வரச் சொல்லு" என்றோம். பிறர் முன்னே கூறிய தீர்ப்பைப் பிறர் முன்னே திருத்துவதே முறை என்று எமக்குப் பட்டது. மகன் ஐயத்துடன் பார்த்தான். ஆயினும் தோழனை அழைத்தான். ஐயாவும் தம் கைத்தடியுடன் வந்து அமர்ந்தார்.

மகனையே அட்டையைப் பொருத்தச் சொன்னோம். கணினியின் பின்புறத்தில் ஒரே வடிவான எச்.டி.எம்.ஐ. துவாரங்கள் இரண்டு இருந்தன. மேலேயிருந்தது தாய்ப்பலகையின் துவாரம். கீழேயிருந்தது அட்டையின் துவாரம். திரையின் வயர், விசயதசமியன்று நாம் செருகியவாறே மேலே இருந்தது. சுவிச்சைப் போட்டோம், இருள். அணைத்தோம். வேறெதனையும் தொடாமல், அவ்வயரை மட்டும் கீழே மாற்றினோம். சுவிச்சைப் போட்டோம், படம் ஒளி வீசியது. மீண்டும் மேலே, மீண்டும் இருள். மீண்டும் கீழே, மீண்டும் ஒளி.

காரணம் எளிது. எமது போன்ற கணினிகளில் தனிக் காட்சியட்டை பொருத்தப்பட்டவுடன், தாய்ப்பலகையின் காட்சித் துவாரம் பெரும்பாலும் தன் பணியை நிறுத்திக்கொள்ளும். அட்டை அகற்றப்பட்டால் அது மீண்டும் பணியைத் தொடங்கும். ஆகவே அட்டை பழுதாயிருந்தாலும், வயர் மாறியிருந்தாலும், அட்டையைக் கழற்றினாற் கிடைக்கும் விளைவு ஒன்றே. இரு காரணங்களுக்கும் பொதுவான விளைவைக் கண்டு, எமக்கு விருப்பமான காரணத்தை நிரூபித்துவிட்டோம் என்று நாம் களித்தோம். எம் மாணவன் ஒருவன் செய்முறைத் தேர்விலே இவ்வாறு எழுதியிருந்தாற் சிவப்பு மையாற் கோடிட்டுப் புள்ளியைக் குறைத்திருப்போம்.

கூற வேண்டியதைக் கூறும் வேளை வந்தது. வகுப்பிலே நாற்பது பேர் முன்னிலையிற் தயங்காமற் பேசும் எமக்கு, மூவர் முன்னிலையிலே சொல் எழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிழை என்ரை. வயரை மாத்திக் குத்தினது நான்தான். உன்னைப் பேசினது பிழை தம்பி" என்றோம். ஐயா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டே, "பரவாயில்லை அப்பா" என்றான். சிறிது பொறுத்து, "அண்டைக்குப் பின்பக்கத்தைப் பாக்க விட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பன்" என்றும் சேர்த்துக்கொண்டான். அவனுக்கு அவ்வுரிமை உண்டு.

பெற்றோராகிய எம்போன்றோர்க்கு இதிலே ஒரு செய்தி உளது. பிழை காண்பதற்கும் குற்றஞ் சாட்டுவதற்கும் இடையே ஒரு சோதனையாவது இருத்தல் வேண்டும். அச்சோதனையை முதலில் எம் கைகளிலிருந்தே தொடங்குதல் நன்று. கணினியை எத்தனை முறையும் அணைத்துப் போடலாம். அது மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளாது. பிள்ளையின் முகம் இருண்டால் மீண்டும் ஒளி வர நாள் செல்லும்.

அன்று மாலை கணினியின் பின்புறத்தைப் பார்த்தோம். மேலேயுள்ள துவாரத்தின்மீது சிறு கடதாசித் துண்டொன்று ஒட்டப்பட்டிருந்தது. அதில் மகனின் கையெழுத்தில், "அப்பா, இதில் வேண்டாம்" என்று எழுதியிருந்தது. அதனை நாம் அகற்றவில்லை. அடுத்த வாணி விழாவுக்குச் சந்தனம் இடும்போதும் அது அங்கேயே இருக்கும்.